திருமலைச் சுவரில் இருக்கும் தமிழைப் படிக்க எந்த டிகிரி வேண்டும்?

திருமலைக்கு நீங்கள் ஒரு முறையாவது போயிருப்பீர்கள். சென்னையில் ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் திருப்பதியில் இறங்கி, மலையேறி, மணிக்கணக்கில் க்யூவில் நின்று, சில நொடிகள் தரிசனம். "ஜருகண்டி, ஜருகண்டி" என்ற குரல் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். வெளியே வரும்போது மனசு லட்டு கவுன்டருக்குப் போய்விடும்.

அந்த அவசரத்தில் நாம் பார்க்காமல் வருவது ஒன்று உண்டு: சுவர்களில் வரிசை வரிசையாகப் பொறித்திருக்கும் எழுத்துகள். அவற்றில் பெரும்பகுதி தமிழ்.

சரி, நின்று நிதானமாகப் பார்த்தால் படித்துவிட முடியுமா? பெரும்பாலும் முடியாது. எழுத்தின் வடிவம் வேறு. நடுநடுவே சமஸ்கிருதச் சொற்களுக்குக் கிரந்த எழுத்து. படித்துவிட்டாலும் அளவுகள், பணம், உரிமை பற்றிய சொற்கள் புரியாது. தமிழ் எம்.ஏ. முடித்தவரே திணறுவார். வரலாறு படித்தவருக்கு மொழி தடுக்கும். சமஸ்கிருதம் படித்தவருக்குத் தமிழ் தடுக்கும்.

'ஹியூமானிட்டீஸை எல்லைகள் தாண்டிப் படிக்க வேண்டும்' என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதன் அர்த்தம் என்ன? அது வெறும் பிரோஷர் வாசகமா, நிஜமாகவே தேவையா? இதைப் புரிந்துகொள்ள இந்தச் சுவரைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சுவரில் என்னதான் எழுதியிருக்கிறது?

திருமலை, திருப்பதி கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆய்வாளராக இருந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்களின் உழைப்பால், 1930களில் இவை 6 தொகுதிகளாக அச்சாகின. பல்லவர், சோழர், பாண்டியர், யாதவராயர் காலம் தொடங்கி விஜயநகரப் பேரரசின் கடைசிக் கட்டம் வரை இதில் வருகிறது.

பக்திப் பாட்டு இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இருப்பதில் பெரும்பாலானவை ஒப்பந்தங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், அதை வைத்துக் கோயில் என்ன செய்ய வேண்டும், கொடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் கல்லில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது?

15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இந்த முறை தெளிவாகத் தெரிகிறது.

ஒருவர் கோயிலுக்குப் பணம் கொடுக்கிறார். கோயில் அதை உண்டியலில் பூட்டி வைப்பதில்லை. தனக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவழிக்கிறது. தண்ணீர் வந்ததும் விளைச்சல் கூடுகிறது. அந்தக் கூடுதல் விளைச்சலில் இருந்து, கொடுத்தவர் பெயரில் தினமும் அல்லது திருவிழா நாட்களில் சாமிக்குப் படையல் நடக்கும். அரிசி எத்தனை மரக்கால், நெய் எவ்வளவு, பயறு எவ்வளவு என்று பட்டியல் இருக்கும். அளக்கும் மரக்காலுக்கே 'மலைகினிய நின்றான்' என்று பெருமாளின் பெயர்.

படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு, கொடுத்தவருக்குத் திரும்ப வரும். கல்வெட்டு இதை 'விட்டவன் விழுக்காடு' என்கிறது. அந்தப் பங்கை அவர் தன் வாரிசுக்குத் தரலாம், ஒரு மடத்துக்கு எழுதி வைக்கலாம், வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பேங்கிங், ஃபைனான்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும்: முதலீடு, வருமானம், பிறருக்கு மாற்றத்தக்க உரிமை. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் திருப்பதிக் கல்வெட்டுகளை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். இடைக்காலத் தென்னிந்தியக் கோயிலின் பொருளாதாரப் பங்கு பற்றிய அவருடைய கட்டுரை 1960இல் வெளிவந்தது. கோயில் என்பது வழிபாட்டு இடம் மட்டுமல்ல, பாசனத்தில் முதலீடு செய்த நிறுவனமும்கூட என்ற பார்வை அதில் இருந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். இந்த ஒரே கல்வெட்டைப் புரிந்துகொள்ளப் பழைய எழுத்து தெரிய வேண்டும். அந்தக் காலத் தமிழ் தெரிய வேண்டும். வைணவக் கோயில் நடைமுறை, பாசனம், வரவு செலவுக் கணக்கு, சொத்துரிமை எல்லாமே தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கதை பாதியில் நின்றுவிடும்.

614ஆ, 966ஆ?

இன்னொரு உதாரணம். திருமலையில் போக சீனிவாசர் என்று அழைக்கப்படும் சிறிய வெள்ளித் திருமேனி இருக்கிறது. அதைக் கொடுத்தவர் சாமவை என்ற பல்லவ குலப் பெண். படிமத்தோடு நிலமும் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

எப்போது கொடுத்தார்? சில இடங்களில் கி.பி. 614 என்று படிப்பீர்கள். வேறு இடங்களில் 966 என்று இருக்கும். இடையில் 350 ஆண்டு!

இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? பழைய தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில், இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும். கி.பி. கணக்கு இருக்காது. அந்த அரசன் யார் என்று நீங்கள் அடையாளம் காண்பதைப் பொறுத்து ஆண்டு மாறிவிடும். ஒரே பெயர் கொண்ட அரசர்கள் பலர் உண்டு. எனவே எழுத்து வடிவம் எந்த நூற்றாண்டுக்குரியது, சொல்வழக்கு எந்தக் காலத்தது, பக்கத்து ஊர்க் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். 966ஐ ஒட்டிய காலம் என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

வாட்ஸ்அப்பில் வரும் 'ஆயிரம் ஆண்டு ரகசியம்' மெசேஜுக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆண்டைச் சொல்வது சுலபம். அந்த ஆண்டு எப்படிக் கிடைத்தது என்று காட்டுவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

தமிழ் மட்டும் தெரிந்தால் போதாதா?

வேங்கடம் என்றாலே நமக்கு ஒரு உரிமை உணர்வு வரும். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. சங்கப் பாடல்களில் வேங்கடத்துக்கு அப்பால் வேறு மொழி பேசும் நாடு என்ற குறிப்பும் உண்டு. 1950களில் வட எல்லைக்காக ம.பொ.சி. தலைமையில் போராட்டம் நடந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது.

ஆனால் எல்லை என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்ததுதானே? 15ஆம் நூற்றாண்டில் இதே மலையில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியா (1408–1503) தெலுங்கில் பாடினார். அவருடைய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள் ஒரு சிறிய அறையில் பல நூற்றாண்டு கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் அவை வெளியே வந்தன. 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்துள்ளன. ஏட்டில் ராகத்தின் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. இன்று நாம் கச்சேரியில் கேட்பது பின்னால் வந்த இசையறிஞர்கள் அமைத்தது. அந்தச் செப்பேடுகளை முழுதாகப் புரிந்துகொள்ளத் தெலுங்கு மட்டும் போதாது, இசை வரலாறும் வேண்டும்.

அடுத்து கிருஷ்ணதேவராயர். தலைநகர் கன்னட நாட்டின் ஹம்பி. அவர் தெலுங்கில் எழுதிய காவியம் 'ஆமுக்தமால்யதா'. அதன் நாயகி யார் தெரியுமா? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். திருமலையில் அவர் அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் பதிவாகியிருக்கின்றன. இந்த மனிதரை எந்த ஒரு துறையில் வைத்துப் படிப்பீர்கள்?

தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இந்த மலையின் பின்பாதி கை நழுவும். தெலுங்கு மட்டும் தெரிந்தவருக்கு முன்பாதி கை நழுவும். அன்னமாச்சாரியாவின் பாடல்களை 2005இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர்: தெலுங்கு அறிஞர் வெல்சேரு நாராயண ராவும், தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு அறிந்த இஸ்ரேலியப் பேராசிரியர் டேவிட் ஷுல்மனும். தனியாக முடியாதபோது சேர்ந்து செய்வதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதிதான்.

அப்போ 'பல்துறைப் படிப்பு' என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு செமஸ்டரில் சைக்காலஜி, சினிமா, எகனாமிக்ஸ், கொஞ்சம் கோடிங் என்று எடுப்பது பஃபே சாப்பாடு மாதிரி. தட்டு நிறையும், ஆனால் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்க மாட்டோம்.

துறைகளை இணைத்துப் படிப்பது வேறு. அங்கே முதலில் ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகும்போது அடுத்த துறையின் கதவைத் தட்டியே ஆக வேண்டிய கட்டாயம் வரும்.

இதற்குச் சென்னையிலேயே பழைய சான்று உண்டு. 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. கம்பெனி அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழிகளைக் கற்பிப்பதுதான் நோக்கம். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதப் பண்டிதர்கள் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். அவர்களோடு பழகிய எஃப்.டபிள்யூ. எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை அருகருகே வைத்து ஒப்பிட்டார். இவை சமஸ்கிருதத்தில் இருந்து பிறக்கவில்லை, தனிக் குடும்பம் என்று 1816இல் வெளியான கட்டுரையில் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டு முன்பே இது நடந்தது.

திராவிட மொழிக் குடும்பம் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் கண்டுபிடிப்பே பல மொழிக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்ததால் கிடைத்தது. தமிழை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

திருப்பதி, சித்தூர் பகுதியில் இன்று எங்கே படிக்கலாம்?

இந்தப் பகுதியில் இருக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திருப்பதியில் இருக்கிறது. ஓலைச்சுவடிகளுக்குப் பெயர்பெற்ற அதன் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1939இல் தேவஸ்தானம் தொடங்கியது. அதே ஊரில், 2020இல் மத்தியப் பல்கலைக்கழகமான தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் உள்ளது. 1983இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இங்கேதான். 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி. திருப்பதியில் மானுடவியல், சமூக அறிவியல் படிப்புகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

சென்னை–பெங்களூரு ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியதும் குப்பம் ஸ்டேஷன் வருமே, சித்தூர் மாவட்டத்தின் அந்த ஊரில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் சந்திக்கும் மூலை அது. தென்னிந்திய மொழிகளை ஒன்றாக வைத்துப் படிக்கவே ஒரு பல்கலைக்கழகம் என்பதுதான் அடிப்படை யோசனை. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவர்தான்.

சென்னைக்கு வடக்கே, தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் தனியார் நிறுவனமான கிரியா பல்கலைக்கழகம் 2018இல் நிறுவப்பட்டது. கலையையும் அறிவியலையும் பின்னிப் படிப்பது என்பதே அதன் இளநிலைப் படிப்பின் அடிப்படை. முதலில் பல துறைகளின் பொதுப் பாடங்கள், பிறகு மேஜர். விடுதியோடு சேர்த்து வருடச் செலவு லட்சங்களில் போகும்.

ஆக, இந்த வட்டாரத்தில் சுவடி இருக்கிறது, சமஸ்கிருதம் இருக்கிறது, திராவிட மொழியியல் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. எல்லாம் தனித்தனி காம்பவுண்டுக்குள் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் தனி அட்மிஷன், தனி சிலபஸ், தனி பயிற்றுமொழி. துறைகளைச் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் மாணவர், அந்த இணைப்பைப் பெரும்பாலும் தானேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விதிகள் ஏதாவது மாறியிருக்கின்றனவா?

ஓரளவு மாறியிருக்கின்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கை பல்துறைப் படிப்பை வலியுறுத்துகிறது. ஒரு கல்வி நிறுவனத்தில் பெற்ற கிரெடிட்டைச் சேமித்து இன்னொன்றில் பயன்படுத்த, 2021இல் கிரெடிட் வங்கிக்கான விதிகள் வந்தன. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க 2022இல் யு.ஜி.சி. அனுமதி கொடுத்தது. தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. எனவே இங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களில் இவை எந்த அளவுக்கு நடைமுறையில் உள்ளன என்பதைச் சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் ஒன்று. விதி கதவைத்தான் திறக்கும். தெலுங்கு தெரியாத வரலாற்று மாணவருக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். அதை எந்தக் கிரெடிட் வங்கியும் தராது.

இதனால் என்ன இழப்பு?

தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள், அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி எடுத்த பிரதிகள், மைசூருவில் இருப்பது பற்றிய செய்திகளை நீங்கள் படித்திருக்கலாம். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியில் இருந்து அங்கே மாறியது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

எங்கே வைப்பது என்ற கேள்வி முக்கியம்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, யார் படிப்பது? மைப்படி சென்னைக்கு வந்தாலும், அதைப் பிரித்துப் படித்து, அதில் இருக்கும் ஏரியையும் வரியையும் உரிமையையும் விளக்கிச் சொல்லும் ஆள் இல்லை என்றால், அது இன்னொரு கட்டடத்தில் இருக்கும் காகிதம் மட்டுமே. ஏ.ஐ. படித்துவிடாதா என்று கேட்கலாம். எழுத்தை அடையாளம் காண உதவும். ஆனால் அது சொல்வது சரியா தப்பா என்று பார்க்க, முதலில் படிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும்.

சரி, வேலை கிடைக்குமா?

வீட்டில் முதலில் வரும் கேள்வி இதுதான்: "ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப் போற?" நேர்மையான பதில்: கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாக வேலை கொடுக்கும் படிப்பு அல்ல இது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், தொல்லியல் துறை, மொழிபெயர்ப்பு, பத்திரிகை, பதிப்பு, ஆசிரியப் பணி, சிவில் சர்வீஸ், மொழித் தொழில்நுட்பம், யூசர் ரிசர்ச் என்று வழிகள் உண்டு. எதுவும் பட்டம் வாங்கிய உடனே தானாகத் திறக்காது. கூடவே ஒரு உறுதியான திறமை வேண்டும்: இரண்டாவது இந்திய மொழி, பழைய எழுத்து, தரவு அலசல், எடிட்டிங், ஏதாவது ஒன்று.

உங்கள் தம்பியோ தங்கையோ இப்படி ஒரு கோர்ஸில் சேரப்போவதாகச் சொன்னால், இந்த நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்:

1. ஏதாவது ஒரு துறையிலாவது ஆழமாகப் போக முடியுமா, எல்லாமே அறிமுகப் பாடங்கள்தானா?
2. ஆங்கிலம் தவிர எந்த மொழியில் மூல நூல்களைப் படிக்க வைப்பார்கள்?
3. இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு ஒன்றாவது உண்டா?
4. கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு கேள்வி எடுத்து ஆய்வு செய்ய வேண்டுமா?

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்?

வேலையை விட வேண்டும் என்பதில்லை. தெலுங்கு எழுத்தில் இருந்து தொடங்கலாம். ஹைதராபாத்திலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்து சீட்டிலேயே ஆள் இருப்பார்! முழு ஈடுபாடு உள்ளவர்களுக்கு, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை சென்னையில் கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்ந்த 2 ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அது முடியாவிட்டால், உங்கள் சொந்த ஊர்க் கோயிலின் கல்வெட்டுகள் அச்சான தொகுதி எது என்று தேடி, அதில் ஒன்றை எடுத்து, ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிப் பாருங்கள்.

எந்த இடத்தில் தடுக்கிறது என்று கவனியுங்கள். அளவுச் சொல் புரியவில்லையா? அரசனின் பெயரா? கிரந்த எழுத்தா? நீங்கள் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அடுத்த முறை திருமலையில் "ஜருகண்டி" என்று தள்ளும்போது, அந்தச் சுவரை ஒரு நொடி பாருங்கள். யாரோ ஒருவர் ஏரி வெட்டக் கொடுத்த பணத்தின் கணக்கு அங்கே இருக்கலாம். சந்திரன், சூரியன் உள்ளவரை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அதுவரை இருக்க வேண்டும் இல்லையா?